122-க்குள் இரண்டு 36

இவோன் பிறந்தது 1898 ஜனவரி 19. இறந்தது 1934 ஜனவரி 19. 36 வயது நிறைந்த அன்றே போய்விட்டார். அவருடைய ஒரே மகன் ஃப்ரெடெரிக், 1926 டிசம்பரில் பிறந்தவர். மருத்துவம் படித்து டாக்டராக இருந்தார். 1963 ஆகஸ்டில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கும் வயது 36.

இந்த இருவரையும் அடக்கம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் 34 ஆண்டுகள் உயிரோடு இருந்தார் ஒருவர். இவோனின் அம்மா, ஃப்ரெடெரிக்கின் பாட்டி. பெயர் ழான் கால்மான். ஆங்கிலம் வழியாக வந்த செய்திகளில் ஜீன் கால்மென்ட் என்று படித்திருப்பீர்கள். 1875 பிப்ரவரி 21-இல் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்தில் பிறந்து, 1997 ஆகஸ்ட் 4-இல் அதே ஆர்லில் இறந்தார். 122 ஆண்டுகள், 164 நாட்கள். ஆவணங்களோடு நிறுவப்பட்ட மனித ஆயுளில் இதுதான் மிக நீளமானது.

உலகின் மிக மூத்த மனிதர் என்று யாராவது செய்தியில் வரும்போதெல்லாம் கடைசிப் பத்தியில் இவர் பெயரும் வரும். கூடவே சாக்லேட், சிகரெட், போர்ட் ஒயின். நானும் பல வருடங்கள் அந்த அளவுக்குத்தான் தெரிந்து வைத்திருந்தேன். இரண்டு 36-களும் கண்ணில் பட்டபிறகு இந்த வாழ்க்கையை அப்படிப் படிக்க முடியவில்லை.

அதற்கு என் அப்பத்தாவும் ஒரு காரணம். பெரியப்பா இறந்தபிறகு அப்பத்தா 19 வருடம் இருந்தார். விசாரிக்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே வார்த்தைதான். "எமன் என் ஓலையைத் தொலைச்சுட்டான், மாத்தி அவனக் கூட்டிட்டுப் போயிட்டான்." அப்போது நான் சின்னப் பையன். கிழவிகள் பேசுகிற பேச்சு என்று காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் ழான் கால்மானைப் பற்றிப் படிக்கும்போது, கடவுள் தன்னை மறந்துவிட்டார் என்று அவர் சொல்லுவாராம் என்று வந்தது. அதைப் படித்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்பத்தா அப்படிச் சொல்றீங்க" என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

ஆர்ல், ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர். ரோமானியர் கட்டிய வட்ட அரங்கு இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. ழானின் அப்பா நிக்கோலா மரக்கப்பல் கட்டுகிறவர். அவரே 93 வயதை நெருங்கும்வரை இருந்தார். அம்மா மார்கரித் 86. அண்ணன் ஃபிரான்சுவா 97. அந்தக் காலத்து பிரான்சில் இவையெல்லாம் அபூர்வமான வயதுகள். நீண்ட ஆயுள் குடும்பத்தில் ஓடியது என்பதில் சந்தேகமில்லை.

1896-இல், 21 வயதில், கல்யாணம். மாப்பிள்ளை ஃபெர்னான் கால்மான் சொந்தக்காரர்தான். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் குடும்பப் பெயர் மாறவில்லை. ஃபெர்னானுக்கு ஊரில் பெரிய துணிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. ழான் வாழ்நாளில் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவேண்டி வந்ததில்லை. டென்னிஸ், நீச்சல், சைக்கிள், பியானோ, ஓபரா, கணவரோடு வேட்டை. அவருடைய ஆயுள் ரகசியத்தைத் தேடுகிறவர்கள் ஆலிவ் எண்ணெயைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். உடம்பைத் தேய்க்காத வாழ்க்கையும் உடம்பை ஆடவிட்ட வாழ்க்கையும் ஒன்றாக அமைந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. அதே ஆண்டில் அதே ஊரில் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வாய்த்திருக்காது.

வான்கோ 1888 பிப்ரவரியில் ஆர்லுக்கு வந்தார். ழானுக்கு அந்த மாதம்தான் 13 முடிந்தது. அந்த ஓவியரைத் துணிக்கடையில் பார்த்ததாகவும், அழுக்காக, சிடுசிடுப்பாக, பார்க்கச் சகிக்காதவராக இருந்தார் என்றும் நூறு ஆண்டுகள் கழித்து நிருபர்களிடம் சொன்னார். 1988-இல் வான்கோ வந்து நூற்றாண்டு என்று நிருபர்கள் ஆர்லில் குவிந்தார்கள். அவரைக் கண்ணால் கண்டவர் இன்னும் இருக்கிறாரா என்று தேடியபோது, முதியோர் இல்லத்தில் 113 வயதில் ஒருவர் இருந்தார். அதுவரை ழான் கால்மானை ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவருடைய வாழ்க்கையில் 113 ஆண்டுகள் யாரும் எட்டிப் பார்க்காமலே நடந்தவை. நாம் படிக்கிற சாக்லேட்டும் சிரிப்பும் பெரும்பாலும் கடைசி 9 ஆண்டுகளில் சேகரித்தவை.

அந்த 113-க்குள்தான் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

இவோனுக்கு நுரையீரல் நோய். 1928-லேயே நிலைமை மோசம். ராணுவ அதிகாரியாக இருந்த கணவர் ஜோசப் பியோவுக்கு, மனைவியின் உடல்நிலையைக் காரணம் காட்டி நீண்ட விடுப்பு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லெசான் என்ற மலையூர், காசநோய் சானடோரியங்களுக்குப் பேர்போனது. அங்கே பால்கனியில் இவோன் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. மருந்து இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். வெயிலும் மலைக்காற்றும் ஓய்வும்தான் அன்றைய வைத்தியம்.

1934-இல் இவோன் போனபோது மகனுக்கு 7 வயது. ழானும் ஃபெர்னானும்தான் பேரனை வளர்த்தார்கள். பெற்ற மகளைப் புதைத்த கையோடு அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். ழானுக்கு அப்போது 59 வயதாகப் போகிறது. பலர் ஓய்வை எண்ணிப் பார்க்கிற வயதில் அவர் இரண்டாம் முறை தாயானார். 1942-இல் ஃபெர்னான் இறந்தார். கெட்டுப்போன செர்ரிப் பழம் என்கிறார்கள். மருமகன் ஜோசப் அதே குடும்பத்திலேயே இருந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஃபிரான்சுவா 1962-இல். மருமகன் 1963 ஜனவரியில். ஏழு மாதம் கழித்துப் பேரன். 88 வயதில் ழான் கால்மானுக்கு நேர் இரத்தமாக யாருமே இல்லை.

88 வயதில் இப்படி ஒருவர் தனித்துவிட்டால் அதைக் கதையின் முடிவு என்றுதான் நினைப்போம். அவருக்கு அது நான்கில் ஒரு பங்குக்கும் மேலான வாழ்க்கையின் தொடக்கமாக இருந்தது.

வீட்டைத் தர அவருக்கு வாரிசு இல்லை. பிரான்சில் இப்படிப்பட்டவர்களுக்காகவே 'வியாஜே' என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. வீட்டை வாங்குகிறவர், விற்பவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். விற்றவர் அதே வீட்டிலேயே கடைசிவரை குடியிருக்கலாம். அவர் இறந்த அன்று வீடு வாங்கியவர் கைக்கு வரும். 1965-இல், 90 வயதில், ழான் இப்படித்தான் தன் வீட்டை 47 வயதான ஒரு நோட்டரிக்கு எழுதிக்கொடுத்தார். மாதம் 2,500 பிராங்க். அந்த நோட்டரி 30 ஆண்டுகள் கொடுத்தார். 9 லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வீட்டின் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கும் கூடுதல். 1995 டிசம்பரில் 77 வயதில் அவர் இறந்தார், அந்த வீட்டில் ஒருநாள்கூடக் குடியிருக்காமல். அவருடைய மனைவி தொடர்ந்து பணம் கட்டினார்.

இதை உலகமே வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நோட்டரிக்காகவும் வருத்தப்படுகிறேன், அதைவிட அந்தக் கையெழுத்து விழுந்த நாளை நினைத்து. பேரன் இறந்து இரண்டே ஆண்டுகள். பேரன் இருந்திருந்தால் அந்த வீடு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அவருக்குப் போயிருக்கும்.

தனியாகவே இருந்தார். 85 வயதில் கத்திச்சண்டைப் பயிற்சியில் சேர்ந்தார். 100 வயதுவரை சைக்கிள் ஓட்டினார். 110-ஐ நெருங்கும்போது ஒரு கடும் குளிர்காலத்தில், உறைந்துபோன கொதிகலனை இளக்க மேசைமேல் ஏறி மெழுகுவர்த்தியைக் காட்டப்போய், சின்னதாகத் தீப்பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் முதியோர் இல்லம். அங்கே காலை ஏழுக்கு முன்பே எழுந்து ஜன்னலோரம் நீண்ட பிரார்த்தனை. பிறகு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி உடற்பயிற்சி. 115-க்கு ஒரு மாதம் இருக்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது, அறுவைசிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார். 21 வயதில் தொடங்கிய சிகரெட்டை 117 வயதில் விட்டார். கண் தெரியாமல் போனதால் பற்றவைக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது, அது பிடிக்கவில்லை. 118 வயதில் செய்த சோதனைகளில், அவருடைய நினைவும் பேச்சும் 80, 90 வயதுக்காரர்களுக்கு இணையாக இருந்தன.

இனி அவருடைய வயதைப் பற்றி எழுந்த சந்தேகத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீண்ட ஆயுள் பற்றிய கோரிக்கைகளைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். என் அப்பத்தாவின் வயது எங்களுக்கே தெரியாது. "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார். எந்த வெள்ளம் என்று கேட்டால் இன்னொரு சாவைச் சொல்லி அதற்கு முந்தியது என்பார். பிறப்பை எழுதிவைக்கும் வழக்கம் எங்கே நலிந்திருக்கிறதோ அங்கேதான் நூறு தாண்டிய கதைகள் கூடுதலாகக் கிடைக்கும். கனடாவின் க்யூபெக்கில் 113 வயது வாழ்ந்ததாகச் சாதனைப் பட்டியலில் நீண்டகாலம் இருந்த பியேர் ழுபேர் என்பவர், தேவாலயப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு மனிதர்களாகப் பிரிந்துபோனார். ஒரே பெயர், இருவருடைய பதிவுகள். ஜப்பானின் ஷிகெசியோ இசுமி 120 வயது என்று ஏற்கப்பட்டு, பின்னால் அந்த ஏற்பு கைவிடப்பட்டது. செத்துப்போன அண்ணனின் பெயரைத் தம்பிக்கு வைக்கிற வழக்கத்தால் வந்த குழப்பமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.

ழானின் வழக்கு வேறு. ஆர்லில் நகராட்சியின் பிறப்புப் பதிவு இருந்தது, ஞானஸ்நானப் பதிவு இருந்தது, திருமணப் பதிவும், வரிசையாக வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் இருந்தன. மக்கள்தொகை ஆய்வாளர் ழான்-மரி ரொபீனும் மருத்துவர் மிஷெல் அலாரும் இவற்றையெல்லாம் ஒப்பிட்டதோடு, அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். பள்ளி ஆசிரியர்கள் யார், வீட்டில் வேலை செய்தவர்கள் யார் என்று கேட்டுக்கேட்டு, சொன்ன பெயர்களைப் பதிவேடுகளில் தேடிப் பொருத்தினார்கள்.

2018-இல் நிக்கொலாய் ஸாக் என்ற ரஷ்யக் கணிதவியலாளரும் வாலெரி நோவொசெலொவ் என்ற முதுமை மருத்துவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். 1934-இல் இறந்தது மகள் இல்லை, அம்மா. வாரிசு வரியைத் தவிர்க்க மகள் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டாள். 1997-இல் இறந்தது 99 வயது இவோன். 1930-களின் அடையாள அட்டையில் இருந்த கண்ணின் நிறம், கையெழுத்தில் தெரிந்த மாற்றம், முதியோர் இல்லம் போகும்போது பழைய படங்களையும் காகிதங்களையும் எரிக்கச் சொன்னது என்று பலவற்றைச் சேர்த்துக் காட்டினார்கள். கணக்கும் அவர்கள் பக்கம் நிற்பதுபோலத் தெரிந்தது. 110-ஐத் தாண்டியவருக்கு ஒவ்வோர் ஆண்டும் சாவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 110-லிருந்து 122-க்குப் போவது, நாணயத்தைச் சுண்டி 12 முறை தொடர்ந்து தலை விழுவது மாதிரி. 4,096-இல் ஒன்று. 110-ஐத் தொடுகிறவர்களே மிகச் சிலர்தான். அவருக்கு அடுத்தபடி நிறுவப்பட்ட வயது, 2022-இல் இறந்த ஜப்பானின் கனே தனாகாவுடைய 119. நடுவில் மூன்று ஆண்டு இடைவெளி.

கேள்வி கேட்டது தப்பில்லை. 2019-இல் ரொபீனும் அலாரும் மற்ற இரு ஆய்வாளர்களும் விரிவான பதில் எழுதினார்கள். நூறைத் தொட்ட ஒரு கோடிப் பேரில் ஒருவர் 122-ஐ எட்டலாம்; மிக அரிது, ஆனால் நடக்கக்கூடியது என்று கணக்கிட்டார்கள். ஆர்ல் ஊர்க்காரர்களும் பழைய பத்திரிகைகளையும் படங்களையும் தேடி எடுத்தார்கள். லெசான் படத்தின் இடத்தை அடையாளம் கண்டது அப்படித்தான். 1934-இல் இவோனின் இறுதிச்சடங்குக்குப் பெருங்கூட்டம் வந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியிருந்தது.

எனக்கு இந்த ஆவணங்கள் எல்லாம் வருவதற்கு முன்பே அந்தக் கருதுகோள் ஓர் இடத்தில் இடித்தது. அந்த வீட்டை உள்ளே போய்ப் பாருங்கள். 7 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம், இனி அம்மாவைப் பாட்டி என்று கூப்பிடு, ஊரில் எவரிடமும் வாய்தவறிக்கூட அம்மா என்று சொல்லாதே என்று பழக்க வேண்டும். அவன் அதைப் பள்ளியிலும் விளையாட்டிலும் தூக்கத்திலும் காப்பாற்ற வேண்டும். ஃபெர்னான் தன் மனைவியை மகள் பெயரில் புதைத்துவிட்டு, சொந்த மகளை ஊரறிய மனைவி என்று சொல்லி 8 ஆண்டுகள் வாழ வேண்டும். ஜோசப் தன் மனைவியை மாமியார் என்று சொல்லி 29 ஆண்டுகள் வாழ வேண்டும். கடைக்கு வருகிற ஆர்ல் ஊர், 36 வயதுப் பெண்ணை 59 வயதுப் பெண் என்று பார்த்துவிட்டுப் பேசாமல் போக வேண்டும். வரிக்காக மனிதர்கள் எவ்வளவோ செய்வார்கள். இதைச் செய்வார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கோபம் வந்தது வேறொன்றுக்கு. அந்தக் கருதுகோளைத் தலைப்புச் செய்தியாக்கிய பத்திரிகைகளுக்கு அது ஒரு மோசடிக் கதை, மாட்டிக்கொண்ட கிழவி. அது தவறாக இருந்தால், ஒரு தாயைப் பார்த்து நாம் என்ன சொல்லியிருக்கிறோம்? உன் மகள் சாகவே இல்லை, செத்தது நீ, உன் இடத்தில் நீயாக நடித்தவள் அவளேதான் என்கிறோம். அவர் சுமந்ததிலேயே பெரிய பாரத்தை அவர் செய்த ஏமாற்று என்று எழுதுகிறோம். பதில் சொல்ல அவரும் இல்லை, அவருக்காகப் பேசப் பிள்ளையோ பேரனோ இல்லை. எரித்த படங்களையும் அப்போது வேறுமாதிரி நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 110 வயதில் வீட்டைக் காலி செய்கிறார். பெட்டி நிறையப் படங்கள். அதில் இருக்கிற முகங்களின் பெயரைச் சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. அவற்றை யார் கையில் கொடுப்பது?

ஆய்வுக்காக எடுத்த அவருடைய இரத்த மாதிரி பாரிசில் ஓர் ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. என்றைக்காவது மரபணுச் சோதனை நடந்தால் நல்லதுதான். இவோனின் பெற்றோர் சொந்தக்காரர்கள் என்பதால் மகளின் மரபணுவில் தெரியவேண்டிய அடையாளங்கள் அம்மாவிடம் இருக்காது; யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

1988-க்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரி 21-க்கும் அந்த இல்லத்துக்குக் கேமராக்கள் வந்தன. அவரும் சளைக்காமல் பேசினார். ஒரு நிருபர் கிளம்பும்போது, அடுத்த வருடம் பார்க்கலாம், ஒருவேளை, என்றாராம். ஏன் முடியாது, நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றார் இவர். கேக், மெழுகுவர்த்தி, நகரத் தலைவர்கள். 120 வந்த 1995-இல் கூட்டம் தாளவில்லை.

பிப்ரவரி 21-க்கு 33 நாள் முன்பு ஜனவரி 19 வரும். மகளின் பிறந்தநாள், மகளின் நினைவுநாள். 1935-லிருந்து 1997 வரை அந்தத் தேதி அவருக்கு 63 முறை வந்தது. முதல் சில வருடங்கள் ஃபெர்னானும் ஜோசப்பும் பையனும் கூட இருந்தார்கள். 1964-லிருந்து அந்த நாளில் இவோனை நினைக்க அந்த வீட்டில் அவர் மட்டும்.